வளரும் நாடுகளில் இதய நோய்: ஆபத்து குறைவு, சாவு அதிகம்

பதினேழு நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வு, 2014-இல் ஒரு விசித்திரமான கணக்கை வெளியிட்டது. புகைப்பழக்கம், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொப்பை எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கொரு மதிப்பெண் போட்டார்கள். பணக்கார நாட்டவருக்கு மதிப்பெண் அதிகம், அதாவது ஆபத்து அதிகம். ஏழை நாட்டவருக்கு மிகக் குறைவு. ஆனால் உண்மையில் யாருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் வந்தன என்று எண்ணியபோது வரிசை தலைகீழாகிவிட்டது. ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் பணக்கார நாடுகளில் 4 பேர், நடுத்தர வருமான நாடுகளில் 5.4 பேர், ஏழை நாடுகளில் 6.4 பேர் என்ற அளவில் பெரிய பாதிப்புகள் வந்தன. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் முறையே 6.5, 15.9, 17.3 சதவீதம்.

வளரும் நாடுகளின் இதய நோயைப் பற்றிப் பேசும்போது துரித உணவையும் சோம்பலையும் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். மேலே சொன்ன கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. குறைந்த ஆபத்தோடு இருப்பவர்கள் அதிகமாகச் சாகிறார்கள் என்றால், கோளாறின் பெரும்பகுதி நோய் வந்த பிறகு நடப்பதில், அல்லது நடக்காமல் போவதில் இருக்கிறது. பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல், பேதி என்று வந்து போகும் நோய்களுக்காகக் கட்டப்பட்ட மருத்துவ அமைப்பிடம், முப்பது ஆண்டுகள் தினமும் மாத்திரை கொடுத்துக் கண்காணிக்க வேண்டிய நோய் வந்து சேர்ந்திருக்கிறது.

எண்ணிக்கை ஏன் ஏறுகிறது

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2019-இல் இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் 1.79 கோடி. உலகில் நடந்த எல்லாச் சாவுகளிலும் இது 32 சதவீதம். இதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கிறது. கோடிகளைக் கேட்டதும் நோய் கட்டுக்கடங்காமல் பரவுகிறது என்று தோன்றும். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில், மக்கள்தொகை பெருகியிருக்கிறது. மக்கள் அதிக காலம் வாழ்கிறார்கள். ஐந்து வயதில் அம்மையிலோ பேதியிலோ சாக வேண்டிய குழந்தை பிழைத்து ஐம்பத்தைந்தைத் தொடுகிறது. ஐம்பத்தைந்தில் வரக்கூடிய நோய் அப்போது வருகிறது. அப்தெல் ஓம்ரான் 1971-இல் எழுதிய 'நோய்ப்பரவல் மாற்றம்' என்ற கோட்பாடு சொல்வது இதைத்தான்: தொற்றும் பஞ்சமும் பின்வாங்க, நாள்பட்ட நோய்கள் முன்னுக்கு வரும். ஆகவே இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு, ஒரு வகையில் வெற்றியின் விலை.

மிச்சத்தை அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இதயத் தமனி நோய்ச் சாவு விகிதம் 1960-களின் இறுதியில் உச்சம் தொட்டு, பிறகு பல பத்தாண்டுகள் இறங்கிக்கொண்டே வந்தது. 1980 முதல் 2000 வரையிலான இறக்கத்தை ஆராய்ந்தவர்கள், கிட்டத்தட்டப் பாதி சிகிச்சையாலும் மறுபாதியை ஒட்டிய பங்கு புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் குறைந்ததாலும் வந்தது என்று கணக்கிட்டார்கள். பணக்கார நாடுகள் அந்த மாற்றத்துக்கு ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டன. அதற்குள் மருத்துவமனைகளும் காப்பீடும் வளர்ந்துவிட்டன. இன்றைய வளரும் நாடுகளுக்கு முப்பது, நாற்பது ஆண்டுகளில் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. காசநோயும் மலேரியாவும் இன்னும் விடைபெறவில்லை.

இன்னொரு வேறுபாடு வயது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தரவில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்றவர்களுக்குச் சுமார் 59. ஆறு ஆண்டு வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 53 வயதுக்காரர் சம்பாதித்துக்கொண்டிருப்பவர், பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருப்பவர். அவருடைய மருத்துவச் செலவும் இழந்த வருமானமும் ஒரே நாளில் குடும்பத்தின் தலையில் விழுகின்றன.

காரணங்கள் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதும் அதே ஆய்வின் முடிவு. புகை, கெட்ட கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, மதுப் பழக்கத்தின் அளவு, உடலுழைப்பின்மை ஆகிய ஒன்பதும் சேர்ந்து முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஆண்களிடம் 90 சதவீதத்தையும் பெண்களிடம் 94 சதவீதத்தையும் விளக்கிவிடுகின்றன. மரபணு என்று கை விரிப்பதற்கு அதிக இடமில்லை. விறகு, சாண வறட்டி அடுப்புப் புகையையும் நகரக் காற்றின் மாசையும் இந்தப் பட்டியலோடு சேர்த்துக்கொள்ளலாம். பிறக்கும்போது எடை குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் அதிகம் வருகிறது என்று இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980-களின் இறுதியில் காட்டியதும் ஏழை நாடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும்: கருவில் பட்டினி, நடுவயதில் மிகை உணவு என்ற கூட்டு உடலுக்குக் கெடுதல்.

புகையைப் பற்றி ஒன்று மட்டும். 'ஒரு நாளைக்கு ஒன்றுதான் பிடிக்கிறேன்' என்பவர்கள் தங்களுக்கு இருபதில் ஒரு பங்கு ஆபத்துதான் என்று நினைக்கிறார்கள். தினமும் ஒரு சிகரெட் பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்து, இருபது பிடிப்பவருக்கு வருவதில் ஏறத்தாழப் பாதி. குறைத்துக்கொள்வது நுரையீரலுக்கு ஓரளவு உதவும். இதயத்துக்கு நிறுத்தினால்தான் பலன்.

ரத்தக் கொதிப்பு: எங்கே நழுவுகிறது

மேலே சொன்ன ஒன்பது காரணங்களில் ஒன்றை மட்டும் பிடிக்க முடியுமென்றால் ரத்தக் கொதிப்பைத்தான் பிடிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் 30 முதல் 79 வயது வரையிலானவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு அது இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர நாடுகளில். பாதியை ஒட்டியவர்களுக்கு, அதாவது 46 சதவீதத்தினருக்கு, தங்களுக்கு இருப்பதே தெரியவில்லை. கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் ஐந்தில் ஒருவர். மேல் அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தால் பெரிய இதய, ரத்தநாளப் பாதிப்புகள் சுமார் 20 சதவீதம் குறைகின்றன, பக்கவாதம் 27 சதவீதம் குறைகிறது. இதற்கான மாத்திரைகள் எல்லாம் காப்புரிமை முடிந்தவை, மலிவானவை. பிறகு ஏன் ஐந்தில் ஒருவர்?

அளப்பதிலிருந்தே பிசகு தொடங்குகிறது. கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில், நடந்து வந்தவரை நிற்கவைத்தே, சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும்; முதுகு சாய்ந்திருக்க வேண்டும்; இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் கூடாது; கை மேசைமேல், பட்டை இதயத்தின் மட்டத்தில், வெறும் தோலின் மேல். அதற்கு முந்தைய அரைமணியில் காப்பியோ புகையோ கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் எண் ஏறும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கைச் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைப் போட்டால் இல்லாத ரத்தக் கொதிப்பு தெரியும். ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, வேறொரு நாளில் மறுபடியும் அளந்து, 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால்தான் நோய் என்று பெயர் வைக்க வேண்டும்.

கருவியும் ஒரு பிரச்சினை. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கைக்குப் பிறகு பாதரசக் கருவிகள் விடைபெறுகின்றன. முள் காட்டும் கடிகார வகை, சில மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்க்காவிட்டால் சத்தமில்லாமல் பொய் சொல்லத் தொடங்கும். மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவிதான் சிறிய மருத்துவமனைகளுக்கு ஏற்றது. ஆனால் சந்தையில் இருப்பவற்றில் பல, நோயாளிகளிடம் முறையாகச் சோதித்துச் சான்று பெறாதவை. கொள்முதல் செய்பவர் விலையை மட்டும் பார்த்தால் அந்த மலிவான பெட்டி ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தவறான மாத்திரை எழுத வைக்கும்.

அடுத்தது மருந்து. ஒரே மாவட்டத்தில் பத்து மருத்துவர்கள் பத்து விதமாக எழுதினால் கிடங்கில் எதை எவ்வளவு வாங்கி வைப்பது என்று எவராலும் கணிக்க முடியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹார்ட்ஸ்' திட்டம் ஒரே சிகிச்சை நெறியை வலியுறுத்துகிறது. பல நாடுகளில் புழங்கும் நெறி ஒன்று இப்படிப் போகும்: அம்லோடிபின் 5 மில்லிகிராமில் தொடங்கு, ஒரு மாதம் கழித்துப் பார், 140/90-க்குக் கீழே வராவிட்டால் டெல்மிசார்டான் 40 சேர், அடுத்த மாதமும் வராவிட்டால் இரண்டின் அளவையும் படிப்படியாகக் கூட்டு, பிறகு குளோர்தாலிடோன் 12.5 சேர். நெறியின் மருந்தும் வரிசையும் நாட்டுக்கு நாடு சற்று மாறும். அந்தந்த இடத்தில் ஒன்றாக இருப்பதே முக்கியம். அம்லோடிபினைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது உடலில் நீண்ட நேரம் தங்குவதால் ஒரு நாள் மறந்தாலும் அழுத்தம் எகிறாது. தொடங்குமுன் ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. கணுக்கால் வீக்கம் வரலாம். அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி சிறுநீரகம் போய்விட்டது என்று பயந்து நிறுத்திவிடுவார். டெல்மிசார்டான் வகை மாத்திரைகளைக் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது.

ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பாக்குவதைவிட, குறைந்த அளவில் வேறொரு வகை மருந்தைச் சேர்ப்பது அழுத்தத்தைக் குறைப்பதில் ஏறத்தாழ ஐந்து மடங்கு பயன் தரும். பக்கவிளைவும் குறைவு. இது தெரிந்தும் நடைமுறையில் அளவு கூட்டப்படுவதுமில்லை, மருந்து சேர்க்கப்படுவதுமில்லை. 160 இருந்தாலும் 'அதே மாத்திரையைத் தொடருங்கள், உப்பைக் குறையுங்கள்' என்று சீட்டு திரும்பி வருகிறது. மருத்துவ உலகில் இதற்குச் சிகிச்சைத் தேக்கம் என்று பெயர். மாத்திரை சாப்பிடுகிறவர்களிலும் பலர் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவதற்கு நோயாளியின் அலட்சியத்தைவிட இது பெரிய காரணம் என்பேன்.

நோயாளி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வலி எதுவும் இல்லாத நோய்க்காக மாதம் ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துச் செலவு செய்து, மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, 'பதினைந்து நாள் மாத்திரைதான் இருக்கிறது, பிறகு வாருங்கள்' என்று கேட்டுத் திரும்புகிறவர் எத்தனை முறை வருவார்? கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவை கொடுப்பதும், அளவிடுவதையும் மறுமருந்தையும் செவிலியரிடம் விடுவதும் மருத்துவரை இன்னொரு முறை உபதேசம் செய்யச் சொல்வதைவிட அதிகப் பலன் தரும்.

மாரடைப்பு: கடிகாரத்தோடு போட்டி

தமனி முழுதாக அடைபட்ட மாரடைப்பில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் மணி நேரத்துக்குள் கொடுத்தால், சிகிச்சை பெறும் ஆயிரம் பேரில் சுமார் 65 உயிர்கள் கூடுதலாகக் காப்பாற்றப்படுகின்றன. மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் என்றால் 29 ஆகக் குறைந்துவிடும். இந்தியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பதிவு செய்து 2008-இல் வெளியான 'கிரியேட்' ஆய்வில், வலி தொடங்கி மருத்துவமனை வந்து சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம். அதே ஆய்வில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியுள்ளவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். இருவரும் பெற்ற சிகிச்சையில் இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஏழைகளுக்கு வேறு வகை மாரடைப்பு வரவில்லை. குறைந்த சிகிச்சை கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆறு மணி நேரம் எப்படிக் கரைகிறது? முதலில் வாயுத் தொல்லை என்று வீட்டிலேயே ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு பக்கத்துக் கிளினிக்; அங்கே ஈசிஜி கருவி இருக்காது, அமில மாத்திரை கிடைக்கும். வலி விடாததால் இன்னொரு மருத்துவமனை. அங்கே ஈசிஜி எடுத்தாலும் படிக்க ஆளில்லை, அல்லது முன்பணம் கட்டச் சொல்வார்கள். கடைசியில் பெரிய நகரம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் மார்வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, வாந்தி, தாடை வலி என்று வருவதால் இன்னும் தாமதமாகும்.

வந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி. உறுதியானால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்வது (குடலில் கரையும் பூச்சுள்ள மாத்திரை உடனடிப் பலன் தராது). ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரலின் முதல் அளவு. முப்பது நிமிடத்துக்குள் கரைப்பு மருந்து. இவ்வளவுதான் முதல் மருத்துவமனையின் வேலை. 1988-இல் வெளியான 'ஐசிஸ்-2' சோதனையில் ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரச் சாவை 23 சதவீதமும், ஆஸ்பிரினும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கரைப்பு மருந்தும் சேர்ந்து 42 சதவீதமும் குறைத்தன. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மலிவு: 15 லட்சம் யூனிட்டை 30 முதல் 60 நிமிடம் சொட்டாக ஏற்ற வேண்டும். நடுவில் ரத்த அழுத்தம் சரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒருமுறை பெற்றவருக்கு எதிர்ப்புப் புரதம் உருவாகிவிடுவதால் மறுபடி கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். இன்னொரு கரைப்பு மருந்தான டெனெக்டெப்ளேஸ் விலை கூடுதல். ஆனால் எடைக்கேற்ப 30 முதல் 50 மில்லிகிராம் வரை ஒரே ஊசியாக நொடிகளில் போட்டுவிடலாம் என்பதால் சிறிய மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸுக்கும் அதுவே ஏற்றது. 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதி அளவு. முன்பு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கு எந்தக் கரைப்பு மருந்தும் கூடாது. அண்மையில் பக்கவாதம் வந்தவர்களுக்கும், 180/110-க்கு மேல் அழுத்தம் இறங்காமல் நிற்பவர்களுக்கும் அப்படியே.

அடைபட்ட தமனியைக் குழாய் செலுத்திப் பலூனால் திறக்கும் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி இதைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை, இரண்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால். அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தே நோயாளியை வெறுங்கையோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய அமைப்புப் பிழை. அருகிலேயே கரைப்பு மருந்தைப் போட்டு, பிறகு அனுப்பி, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வது சாத்தியமான வழி. இதற்கு வேண்டியவை ஈசிஜி படத்தை அலைபேசியில் பார்த்துப் பதில் சொல்லும் ஒரு நிபுணர், எந்த ஊருக்கு எந்த மருத்துவமனை என்ற முன்முடிவு, பணம் கட்டும் வரை மருந்தை நிறுத்திவைக்காத ஒரு விதி.

வீடு திரும்பிய பிறகு

மாரடைப்பிலிருந்து பிழைத்தவருக்கு ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்த அழுத்தத்துக்கான 'ஏஸ்' தடுப்பான் அல்லது அதன் மாற்று, இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் ஆகிய நான்கும் மறு மாரடைப்பைத் தடுக்கும் அடிப்படை. 2011-இல் வெளியான 'ப்யூர்' தரவில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் இந்த மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்காதவர்கள் பணக்கார நாடுகளில் 11 சதவீதம்; ஏழை நாடுகளில் 80 சதவீதம். கிடைக்காததும் ஒரு காரணம்: இந்தியாவை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஏழை நாடுகளின் கிராமப் பகுதிகளில் நான்கு மருந்தும் கிடைத்தது வெறும் 3 சதவீத ஊர்களில். கிடைக்கும் இடங்களிலும் ஏழை நாடுகளின் 60 சதவீதக் குடும்பங்களுக்கு நான்கையும் தொடர்ந்து வாங்கக் கட்டுப்படியாகாது. ஸ்டென்ட் வைக்க நிலத்தை விற்கும் குடும்பம், அந்த ஸ்டென்ட்டைக் காப்பாற்றும் மாத்திரையை மூன்றாம் மாதம் நிறுத்துகிறது. வலி போய்விட்டது, கடன் இருக்கிறது.

நான்கு புட்டிகளுக்குப் பதில் ஒரே மாத்திரை என்ற யோசனை 2003-லிருந்து விவாதத்தில் இருக்கிறது. ஈரானின் கிராமங்களில் 6,800-க்கும் மேற்பட்டவர்களிடம் ஐந்து ஆண்டுகள் நடந்து 2019-இல் வெளியான 'பாலிஈரான்' சோதனையில், இரண்டு ரத்த அழுத்த மருந்துகளும் ஆஸ்பிரினும் அடோர்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினும் அடங்கிய கூட்டு மாத்திரை பெரிய இதயப் பாதிப்புகளை 34 சதவீதம் குறைத்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஆஸ்பிரின் உள்ள மாத்திரையை இதுவரை நோயே வராதவர்களுக்கு எல்லாம் கொடுக்கலாமா என்பதில் ரத்தக்கசிவு அபாயம் குறுக்கே நிற்கிறது. நோய் வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

உப்பைப் பற்றிய அறிவுரையிலும் ஒரு நகல் பிழை இருக்கிறது. பணக்கார நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ஆலை உணவிலிருந்து வருகிறது. ஆகவே ரொட்டியிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் அளவைக் கட்டுப்படுத்தினால் போதும். தென்னாப்பிரிக்கா 2013-இல் சட்டம் இயற்றி 2016 முதல் அப்படிச் செய்தது. பல வளரும் நாடுகளில் உப்பு வீட்டு அடுப்பில் கையால் போடப்படுகிறது. அங்கே உப்பையே மாற்றுவது பலன் தரும். சீனாவின் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு பக்கவாதத்தை 14 சதவீதமும் சாவை 12 சதவீதமும் குறைத்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த உப்பு ஆபத்து. பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே குழம்பலாம்.

எல்லா இதய நோயும் மாரடைப்பு அல்ல என்பதை மாரடைப்பை மையமாக வைத்த திட்டங்கள் மறந்துவிடுகின்றன. சகாராவுக்குத் தெற்கே ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் தீவிர இதயச் செயலிழப்போடு வந்தவர்களை ஆராய்ந்தபோது சராசரி வயது 52. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் காரணம் ரத்தக் கொதிப்பு. தமனி அடைப்பு பத்தில் ஒருவருக்குக்கூட இல்லை. அங்கே ஆஞ்சியோகிராம் கூடத்தைத் திறப்பதைவிட அம்லோடிபின் தீராமல் பார்த்துக்கொள்வது மேல். லத்தீன் அமெரிக்காவில் சாகஸ் நோய்க் கிருமி இதயத் தசையை அரிக்கிறது. வாதக் காய்ச்சலால் வரும் வால்வு நோயோ நெருக்கடியான வீடுகளின் நோய்: குழந்தையின் தொண்டைப் புண், இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல், பத்து இருபது ஆண்டு கழித்துப் பிரசவ நேரத்தில் மூச்சுத்திணறல். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சாதைன் பென்சிலின் ஊசி, குறைந்தது பத்தாண்டு, இதைத் தடுக்கும். ஊசி வலிக்கும், தூள் சரியாகக் கரையாமல் முனையில் அடைத்துக்கொள்ளும். லாபம் குறைவு என்பதால் தயாரிப்பவர்களும் சிலரே; அடிக்கடி தட்டுப்பாடு.

வாழ்நாள் முழுக்கச் சிகிச்சை கொடுப்பது ஏழை நாடுகளால் முடியாது என்ற வாதம் எச்ஐவி விஷயத்தில் தோற்றுப்போனது. இன்று உலகில் சுமார் 3 கோடிப் பேர் தினமும் எச்ஐவி மாத்திரை எடுக்கிறார்கள், பெரும்பாலோர் ஏழை, நடுத்தர நாடுகளில். காசநோய்த் திட்டத்திடமிருந்து கடன் வாங்க வேண்டிய வழக்கமும் ஒன்று உண்டு: கணக்கு எழுதும் முறை. முகாமில் எத்தனை லட்சம் பேருக்கு அழுத்தம் பார்த்தோம் என்பது அறிக்கைக்கு அழகான எண். அதிலிருந்து எவர் பிழைத்தார் என்று தெரியாது. அதற்குப் பதில், ஒரு காலாண்டில் பதிவான நோயாளிகளைக் குழுவாக எடுத்து, அடுத்த காலாண்டில் அவர்களில் எத்தனை பேர் 140/90-க்குக் கீழே இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். வராமல் போனவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாமல், கட்டுப்பாட்டில் இல்லாதவர் என்றே எழுத வேண்டும். அப்படி எழுதத் தொடங்கும் இடங்களில் முதல் அறிக்கை மோசமாகத்தான் வரும். எந்த மையத்தில் மாத்திரை தீர்ந்தது, எங்கே அளவு கூட்டப்படவில்லை, யாரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்பது அந்த அறிக்கையிலிருந்துதான் தெரியவரும்.